'க்ளிக்' சத்தம் கேட்டுச்சு... படம் எங்கே? ஃபிலிம் கேமராவில் மானத்தை வாங்கும் தவறுகளும், தப்பிக்கும் வழிகளும்!

தென்காசி மாவட்டம் சிவகிரியில் ஒரு பழைய வீட்டை வெள்ளையடிக்க ஒதுங்க வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பீரோவின் மேல்தட்டில், பட்டுப்புடவைக்கு அடியில் தாத்தாவின் பழைய கேமரா கிடைக்கிறது. "அட, இது இன்னும் இருக்கா?" என்று பேரன் எடுக்கிறான். எப்படித் திறக்கிறது என்று பார்க்க ஒரு குமிழை இழுக்கிறான். பின்பக்கம் 'டக்'கென்று திறக்கிறது. உள்ளே ஃபிலிம் ரோல்!

பதறிப்போய் உடனே மூடிவிடுகிறான். இரண்டே விநாடிதான். ஆனால் அதற்குள் ஆச்சியின் கடைசிப் படம் போயிருக்கலாம்.

ஃபிலிம் கேமராவின் குணமே இதுதான். தப்பு நடக்க ஒரு நொடி போதும். நடந்தது தெரிய மட்டும் நாள்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் ஆகும்.

இப்போது கல்லூரி மாணவர்கள் முதல் கல்யாண போட்டோகிராபர்கள் வரை பலர் மறுபடியும் ஃபிலிம் கேமராவைக் கையில் எடுக்கிறார்கள். அதோடு பழைய தவறுகளும் திரும்பி வந்திருக்கின்றன. அவை என்னென்ன, ஏன் நடக்கின்றன, எப்படித் தவிர்ப்பது என்று விரிவாகப் பார்க்கலாம்.

ஃபிலிம் கேமரா ஏன் 'பொய்' சொல்கிறது?

செல்போனில் படம் எடுத்தால் அடுத்த நொடியே திரையில் தெரிந்துவிடும். கண் மூடியிருந்தால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். ஃபிலிம் கேமராவில் அந்த வசதி இல்லை. 35 மில்லிமீட்டர் ரோல் ஒன்றில் பொதுவாக 36 படங்கள்தான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. உள்ளே ஃபிலிம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அது நகர்ந்தாலும் நகராவிட்டாலும், லென்ஸ் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் பெரும்பாலான பழைய கேமராக்களில் 'க்ளிக்' சத்தம் ஒரே மாதிரிதான் கேட்கும். படம் விழுந்ததற்கு அந்தச் சத்தம் சாட்சி இல்லை.

90-களில் சின்ன ஊர் ஸ்டூடியோக்களில் எடுத்த கலர் ரோல்கள் பெரும்பாலும் லேப் இருக்கும் பெரிய ஊருக்குப் போய்த்தான் கழுவி வரும். அதற்குள் கல்யாண வீட்டுப் பந்தலைப் பிரித்திருப்பார்கள், மறுவீடும் முடிந்திருக்கும். "தாலி கட்டுற போட்டோ விழலைங்க" என்று பெண் வீட்டாரிடம் போய்ச் சொல்லும் நிலைமையை நினைத்துப் பாருங்கள். மறுபடியும் தாலி கட்டச் சொல்லவா முடியும்?

தவறு 1: ஃபிலிம் நகரவே இல்லை

மிகவும் பொதுவான, மிகவும் கேவலமாக உணரவைக்கும் தவறு இது. ரோலைப் போடும்போது ஃபிலிமின் நுனியை எதிர்ப்பக்கச் சுருளின் பிளவுக்குள் சரியாகச் செருகவில்லை என்றால், லீவரை இழுக்கும்போது நுனி நழுவிவிடும். சுருள் மட்டும் சுற்றும், ஃபிலிம் நின்ற இடத்திலேயே நிற்கும். எண் காட்டும் முள்ளோ 1, 2, 3 என்று ஜோராக ஏறிக்கொண்டே போகும்.

கண்டுபிடிப்பது எப்படி? கேமராவின் இடது மேல்பக்கம் ரீவைண்ட் குமிழ் இருக்கும். ரோல் போட்டு மூடியதும் அதை மெதுவாக வலஞ்சுழியாகத் திருப்பி, ஃபிலிம் இறுகியதும் நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகு லீவரை இழுக்கும்போது அந்தக் குமிழ் தானாக எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றினால் ஃபிலிம் நகர்கிறது என்று அர்த்தம். சுற்றவில்லை என்றால் திறந்து மறுபடி மாட்டணும்.

36 படம் போட்ட ரோலில் எண் 40-ஐத் தாண்டியும் லீவர் இலகுவாகப் போகிறதா? சந்தேகமே வேண்டாம், ஃபிலிம் மாட்டவே இல்லை.

ஒரே ஆறுதல், அந்த ரோல் வீணாகவில்லை. நுனி தவிர மற்ற ஃபிலிமில் வெளிச்சமே படவில்லை. எடுத்து மறுபடி பயன்படுத்தலாம். விசேஷம்தான் திரும்பி வராது.

தவறு 2: பின்பக்கத்தைத் திறந்துவிடுவது

ரோல் முடிந்துவிட்டது என்று நினைத்து, சுற்றாமலே திறப்பவர்கள் நிறையப் பேர். குழந்தைகள் கையில் கிடைத்தாலும் இதே கதிதான்.

இங்கே ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. திறந்தவுடன் எல்லாப் படமும் போய்விடாது. சாதாரணக் கேமராக்களில் எடுத்து முடித்த படங்கள் எதிர்ப்பக்கச் சுருளில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றியிருக்கும். முதலில் எடுத்தது உள்ளே இருக்கும், கடைசியாக எடுத்தது வெளியே இருக்கும். வெளிச்சம் முதலில் தாக்குவது வெளிச்சுற்றைத்தான். அதனால் கடைசியாக எடுத்த படங்கள் முதலில் போகும். உள்சுற்றில் இருப்பவை ஓரளவு தப்பிக்க வாய்ப்பு உண்டு. இன்னும் எடுக்காத ஃபிலிம், ரோலின் டப்பாவுக்குள் பத்திரமாக இருக்கும்.

ஆக, திறந்துவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. பட்டென்று மூட வேண்டும். "எவ்வளவு போச்சு" என்று எட்டிப் பார்த்தால் மிச்சமும் போயிடும்.

தவறு 3: லென்ஸ் மூடியோடு படம் எடுப்பது

"இதெல்லாம் யாராவது செய்வாங்களா?" என்று கேட்கலாம். அனுபவசாலிகளே செய்திருக்கிறார்கள்.

எஸ்எல்ஆர் வகைக் கேமராவில் லென்ஸ் வழியாகத்தான் பார்க்கிறோம். மூடி இருந்தால் எல்லாம் இருட்டாகத் தெரிந்து மாட்டிக்கொள்வோம். ஆனால் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவிலும் கையடக்க ஆட்டோமேட்டிக் கேமராவிலும் பார்க்கும் ஜன்னல் தனி, லென்ஸ் தனி. ஜன்னலில் மாப்பிள்ளையும் பொண்ணும் பளிச்சென்று தெரிவார்கள். ஃபிலிமுக்குத் தெரிவது மூடியின் உள்பக்கம் மட்டும்தான்.

விரலோ, கேமராவின் தோல்பட்டையோ லென்ஸுக்கு முன்னால் வருவதும் இதே காரணத்தால்தான். குடும்பப் படத்தின் மூலையில் மங்கலாக ஒரு சிவப்பு மேகம் தெரிந்தால், அது எடுத்தவரின் விரல்!

தவறு 4: ஐஎஸ்ஓ எண்ணை மாற்ற மறப்பது

ஃபிலிம் எந்த அளவுக்கு வெளிச்சத்தை உணரும் என்பதைச் சொல்வது ஐஎஸ்ஓ எண். 100 என்றால் நல்ல வெயிலுக்கு, 400 என்றால் மங்கிய வெளிச்சத்துக்கும் தாங்கும்.

1983-ல் கோடாக் அறிமுகப்படுத்திய டிஎக்ஸ் குறியீடு வந்த பிறகு, பல கேமராக்கள் ரோல் டப்பாவின் மேல் உள்ள வெள்ளி, கறுப்புக் கட்டங்களைப் படித்துத் தானாகவே எண்ணை அறிந்துகொள்ளும். ஆனால் பென்டாக்ஸ் கே1000 போன்ற கைமுறைக் கேமராக்களில் நாம்தான் திருப்பி வைக்கணும்.

முந்தைய ரோல் 400, இப்போது போட்டது 100, எண்ணை மாற்றவில்லை என்றால் எல்லாப் படத்துக்கும் தேவையானதில் கால்வாசி வெளிச்சம்தான் கிடைக்கும். முகமெல்லாம் கருத்துப்போகும். தலைகீழாக, 400 ரோலுக்கு 100 வைத்துவிட்டால் நான்கு மடங்கு வெளிச்சம் விழும். கலர் நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும், குறைவைத் தாங்காது. அதனால் சந்தேகம் வந்தால் கொஞ்சம் அதிக வெளிச்சம் கொடுப்பதே நல்லது என்பது பழைய ஆட்களின் கணக்கு.

தவறு 5: எட்டாத தூரத்துக்கு ஃப்ளாஷ்

சங்கரன்கோவில் ஆடித்தபசு. கோமதி அம்மனுக்குச் சுவாமி சங்கரநாராயணராகக் காட்சி கொடுக்கும் சாயங்கால நேரம். சுற்றுவட்டார ஊர்களில் இருந்தெல்லாம் ஜனங்கள் வந்து கூடியிருப்பார்கள். அந்த ஒரு நிமிடத்துக்காகக் காத்திருந்து, கூட்டத்தின் பின்னால் நின்று கேமராவைத் தூக்கி ஒரு க்ளிக். ஃப்ளாஷும் மின்னியது.

கழுவி வந்த படத்தில் என்ன இருக்கும்? முன்னால் நின்றவர்களின் பின்னந்தலைகள் வெள்ளை வெளேரென்று. அதற்கு அப்பால் ஒரே இருட்டு.

கையடக்கக் கேமராவில் உள்ள சின்ன ஃப்ளாஷ், 100 ஐஎஸ்ஓ ஃபிலிமில் மூன்று, நான்கு மீட்டருக்கு மேல் எட்டாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். இப்படிப்பட்ட இடத்தில் ஃப்ளாஷை அணைத்துவிட்டு, 400 அல்லது 800 ஃபிலிம் போட்டு, கேமராவை ஏதாவது சுவரிலோ தூணிலோ ஊன்றி எடுப்பதுதான் வழி.

தவறு 6: பாதிப் படம் கறுப்பு

எஸ்எல்ஆர் கேமராவில் ஷட்டர் என்பது இரண்டு திரைகள். ஒன்று திறந்துகொண்டே போக, இன்னொன்று பின்னாலேயே மூடிக்கொண்டு வரும். வேகம் அதிகமானால் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி மட்டுமே ஃபிலிமின் மேல் ஓடும்.

ஃப்ளாஷ் மின்னுவது கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரம். அப்போது ஃபிலிமின் முழுப்பரப்பும் திறந்திருக்க வேண்டும். பல பழைய கேமராக்களில் அதற்கான உச்சவேகம் விநாடியில் 60-ல் ஒரு பங்குதான். மாலையில் வெளியே 250-ல் எடுத்துவிட்டு, அதே வேகத்தில் மண்டபத்துக்குள் வந்து ஃப்ளாஷ் போட்டால் அவ்ளோதான். மாப்பிள்ளை இருப்பார், பொண்ணு கறுப்புக்குள் மறைந்திருப்பார்.

வேகச் சக்கரத்தில் சிவப்பு நிறத்திலோ, 'எக்ஸ்' என்றோ குறித்திருக்கும் எண்தான் ஃப்ளாஷுக்கானது.

தவறு 7: ஒன்றின்மேல் ஒன்று

ஒரு காலத்தில் பல வீடுகளில் இருந்த ஆக்ஃபா க்ளிக் III கேமரா நினைவிருக்கிறதா? 120 ரோலில் 12 படம். பின்பக்கம் சிவப்பு ஜன்னல், அதில் எண் தெரியும்வரை கையால் சுற்ற வேண்டும். சுற்ற மறந்தாலும் ஷட்டர் அடிக்கும். விளைவு, காதுகுத்து வீட்டுக் குழந்தையின் மேலேயே கோயில் கோபுரம் முளைத்திருக்கும்.

35 மில்லிமீட்டர் கேமராக்களில் லீவரை இழுத்தால்தான் ஷட்டர் தயாராகும் என்பதால் இந்தத் தவறு அரிது. அதில் நடப்பது வேறு. எடுத்து முடித்த ரோலைப் புதிது என்று நினைத்து மறுபடியும் போட்டுவிடுவது! இரண்டு விசேஷமும் சேர்ந்து 36 படமும் காலி. எடுத்து முடித்த ரோலின் நுனியை முழுவதும் டப்பாவுக்குள் இழுத்துவிட்டு, மேலே பேனாவால் தேதி எழுதுவதே பாதுகாப்பு.

தவறு 8: முரட்டுத்தனமாக இழுப்பது

ரோல் முடியும்போது லீவர் பாதியில் நின்றுவிடும். "இன்னும் ஒண்ணு வருமா?" என்ற ஆசையில் பலமாக இழுத்தால் ஃபிலிமின் ஓரத்துளைகள் கிழியும், அல்லது டப்பாவில் இருந்தே பிய்த்துக்கொண்டு வரும். அடிப்பக்கம் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தாமல் திருப்பிச் சுற்றினாலும் இதேதான்.

பிய்ந்துவிட்டால் வெளிச்சத்தில் திறக்கக் கூடாது. கேமராவை அப்படியே லேபில் கொடுத்து, இருட்டறையில் எடுத்துத் தரச் சொல்லலாம்.

"லேப்காரன்தான் கெடுத்துட்டான்!" உண்மையா?

படம் விழவில்லை என்றால் முதலில் பழி விழுவது கழுவியவர் மேல்தான். இதில் உலகப் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு.

1944 ஜூன் 6 அன்று, இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் இறங்கின. குண்டுமழைக்கு நடுவே 'லைஃப்' பத்திரிகைக்காகப் படமெடுத்தவர் ராபர்ட் காபா. அவர் எடுத்ததில் சுமார் பத்துப் படங்கள்தான் மிஞ்சின. லண்டன் இருட்டறையில் அவசரமாகக் காயவைத்தபோது சூடு அதிகமாகி மற்றவை உருகிவிட்டன என்பது பல ஆண்டுகள் சொல்லப்பட்ட கதை. 2014-க்குப் பிறகு ஏ.டி.கோல்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அதைக் கேள்விக்கு உள்ளாக்கினார்கள். அவர் எடுத்ததே அவ்வளவுதானோ என்பது அவர்களின் சந்தேகம்.

யார் தப்பு என்று நெகட்டிவே சொல்லிவிடும். அதன் ஓரத்தில் கம்பெனி பெயரும் படத்தின் எண்களும் அச்சாகியிருக்கும்.

• ஓர எழுத்துகள் தெளிவாக இருந்து, நடுவில் படமே இல்லை என்றால் கழுவியதில் தப்பில்லை. கேமராவில் வெளிச்சம் விழவே இல்லை.

• ஓர எழுத்துகளும் சேர்ந்து காணாமல்போய், ஃபிலிம் வெறும் கண்ணாடி மாதிரி இருந்தால் தப்பு கழுவியதில்தான். டெவலப்பருக்கு முன்னால் ஹைப்போவை ஊற்றிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

• ஓரம் வரை முழுவதும் கறுத்திருந்தால் ஃபிலிம் எங்கேயோ வெளிச்சத்தில் திறக்கப்பட்டிருக்கிறது.

வீட்டிலேயே கழுவ ஆசைப்படுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். சினிமாவில் காட்டும் சிவப்பு விளக்கு, கறுப்பு வெள்ளைப் பிரிண்ட் போடும் காகிதத்துக்குத்தான். இப்போது கிடைக்கும் சாதாரண ஃபிலிம்களை அந்த வெளிச்சத்தில் திறந்தால் கெட்டுவிடும், முழு இருட்டு வேண்டும். அதேபோல் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கான நேரக்கணக்கு பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்குச் சொல்லப்படுகிறது. நம் ஊர் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் அதைவிட ரொம்பச் சூடு. ஐஸ் வைத்துக் குளிர்விக்காமல் ஊற்றினால் படம் அளவுக்கு மீறிக் கறுத்துவிடும்.

நிலவிலும் சொதப்பல்!

இந்த மாதிரி சொதப்பல் நமக்கு மட்டும்தான் என்று வருத்தப்பட வேண்டாம். 1969 நவம்பரில் அப்பல்லோ 12 விண்கலத்தில் நிலவுக்குப் போன பீட் கான்ராட், ஆலன் பீன் இருவரும் ஒரு குறும்புத் திட்டம் வைத்திருந்தார்கள். கேமராவைத் தானாக இயக்கும் டைமர் ஒன்றை ரகசியமாகக் கொண்டுபோனார்கள். இருவரும் சேர்ந்து நிற்கும் படம் பூமிக்கு வந்தால், "இதை யார் எடுத்தது?" என்று எல்லோரும் குழம்பணும் என்பதே திட்டம்.

ஆனால் தேவைப்பட்ட நேரத்தில், கற்களும் மண்ணும் நிறைந்த பையில் டைமரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வேலையெல்லாம் முடிந்து கிளம்பும்போதுதான் அது அகப்பட்டது. கடுப்பான பீன் அதைத் தூக்கி எறிந்துவிட்டார். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை.

எடுத்த பிறகு செய்யும் தவறுகள்

ஃபிலிமுக்கு எதிரி வெளிச்சம் மட்டுமல்ல, சூடும்தான். வெயிலில் நிற்கும் காரின் முன்பக்கத்தில் ரோலை வைப்பது ஆபத்து. ஃபிரிட்ஜில் வைத்தால், எடுத்தவுடன் டப்பாவைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே நீர்த்துளி படியும்.

துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து வரும் உறவினரிடம் ஃபிலிம் வாங்கிவரச் சொல்பவர்கள் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லிவிடுங்கள். விமானத்தில் சரக்காகப் போடும் பெட்டியில் வைக்கவே கூடாது. அங்கே எக்ஸ்-ரே பலமாக இருக்கும். கைப்பைக்கும் இப்போது பல விமான நிலையங்களில் சிடி ஸ்கேன் வகை இயந்திரங்கள் வந்துவிட்டன. ரோல்களைத் தனியாக எடுத்து, கையால் பரிசோதிக்கும்படி கேட்பது நல்லது.

பீரோவில் பழைய கேமரா கிடைத்தால் என்ன செய்வது?

முதல் விதி, திறக்காதீர்கள். உள்ளே ரோல் இருக்கிறதா என்று அறிய ரீவைண்ட் குமிழை வலஞ்சுழியாக மிக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். இறுகினால் ரோல் இருக்கிறது, உடனே நிறுத்திவிடுங்கள். தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ரோல் இல்லாமல் இருக்கலாம், அல்லது அறுந்துபோயும் இருக்கலாம். அப்போதும் இருட்டில்தான் திறக்க வேண்டும். ஆக்ஃபா க்ளிக் போன்றவற்றில் சிவப்பு ஜன்னலில் எண் தெரிகிறதா என்று பாருங்கள்.

பழைய ஃபிலிம் மொறமொறவென்று ஆகியிருக்கும், வேகமாகச் சுற்றினால் முறியும். அதனால் கேமராவோடு அப்படியே, ஃபிலிம் கழுவும் லேபில் கொடுப்பதே பாதுகாப்பு. கலர் நெகட்டிவ் என்றால் நிறம் மாறி, மங்கலாக வரலாம். கறுப்பு வெள்ளை பொதுவாக அதைவிடத் தாக்குப்பிடிக்கும். ஊட்டியில் இயங்கிவந்த மத்திய அரசின் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் நிறுவனம் 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. ஆனால் அந்த ரோல்கள் இன்னும் சில வீட்டுக் கேமராக்களுக்குள் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

"இத்தனை வருஷம் கழிச்சு என்ன வரப்போகுது?" என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். 1897-ல் வட துருவத்தை பலூனில் அடையப் புறப்பட்ட ஸ்வீடனின் ஆந்த்ரே குழுவினர் மூவரும் பனியில் உயிரிழந்தார்கள். அவர்களின் கடைசி முகாம் 33 ஆண்டுகள் கழித்து, 1930-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அங்கே கிடைத்த ஃபிலிமில் இருந்த சுமார் 240 படங்களில் 93 படங்களை மீட்டெடுத்தார்கள். தரையில் விழுந்த பலூனும், பக்கத்தில் நின்ற மனிதர்களும் அதில் தெரிந்தார்கள். அங்கே பனி காப்பாற்றியது. நம் ஊர் வெயிலில் அந்த அளவுக்கு எதிர்பார்க்க முடியாதுதான். ஆனாலும் நான்கைந்து படம் வந்தாலே லாபம்தானே?

கழுவிய பிறகு ஒரு கடைசித் தவறு மிச்சம் இருக்கிறது. ஸ்கேன் செய்து செல்போனில் வாங்கிக்கொண்டு, நெகட்டிவை லேபிலேயே விட்டுவிட்டு வருவது. செல்போன் தொலையும், கெட்டும் போகும். நெகட்டிவ் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி பிரிண்ட் போடலாம். கவரோடு கேட்டு வாங்கி வந்து, ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பட்டுப்புடவைக்கு அடியில் வைத்தாலும் சரி, கவரின் மேல் யார் படம், எந்த வருஷம் என்று மட்டும் எழுதிவிடுங்கள்.